லியோ டால்ஸ்டாய்: கதைப்பொருள் கண்ட வரலாறு

கதை எழுத வேண்டும் என்னும் ஆவல் கற்றாரிடத்தே அரிதன்று. ஆயினும் தொடங்கிய கதையை முடித்தார் தொகை மிகச் சிறிது. முதல் அதிகாரத்தில் எழுதுகோல் விரைந்து செல்கின்றது. மூன்றாம் அதிகாரத்தில் தளர்கின்றது. அதற்குள் வேறொரு கதைப்பொருள் முன்னதினும் அழகுடையதாய்த் தோன்றி மனத்தைக் கவர்கின்றது. இங்ஙனம் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றி, முடிவில் ஒன்றும் கைகூடாமற் போகின்றது. இவ்விடர் இளம் எழுத்தாளர்க்கே உரியது என்று நாம் எண்ணலாகாது. ருஷ்ய தேசத்துப் பெரும்புலவராகிய லியோ டால்ஸ்டாயும் இதிற் பலகாலும் அகப்பட்டு மீண்டவரே. அவர் எப்பொருளைக் கைவிட்டார், எதனை விடாது பற்றினார் என்பதை உட்கொண்டு, அன்னார் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

டால்ஸ்டாய் 1828-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9-ந் தேதி, தூலா நகரை அடுத்த யாஸ்னயா போல்யானா என்னும் தம் முன்னோர் பண்ணையிலே பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் அன்னையையும், ஒன்பதாம் வயதில் தந்தையையும் இழந்தார். 1844-இல் கஸான் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, பட்டம் பெறாமலே 1847-இல் வெளியேறினார். சூதாட்டத்திலும் களியாட்டத்திலும் சில ஆண்டுகளைப் போக்கிய பின், 1851-இல் தமையனாருடன் காக்கேசிய மலைநாட்டிற்குச் சென்று படையிற் சேர்ந்தார். அங்கிருந்தே எழுதியனுப்பிய 'குழந்தைப் பருவம்' 1852-இல் வெளிவந்து அவர்க்குப் புகழ் தந்தது. பின்னர்ச் செவஸ்தபோல் முற்றுகையிலே போரின் கொடுமையை நேரிற் கண்டார். காக்கேசிய வாழ்வைப் பொருளாகக் கொண்ட 'கொசாக்குகள்' என்னும் கதையையோ, தொடங்கியும் நிறுத்தியும் பத்தாண்டளவு கையிலே வைத்திருந்தார். சூதிற் பட்ட கடனைத் தீர்க்க முன்பணம் பெற்றுவிட்டபடியால், அது 1863-இல் ஒருவாறு வெளிவந்தது.

1862-இல் அவர் சோபியா என்னும் நங்கையை மணந்தார். இல்லறத்தின் அமைதியிலே ஒரு பெருங்கதை உருவாகத் தொடங்கிற்று. 1825-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ருஷ்யச் சக்கரவர்த்தியை எதிர்த்துக் கிளர்ந்த பிரபுக்கள் பலர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் எஞ்சியோர் 1856-இல் மன்னிப்புப் பெற்றுத் திரும்பினர். அங்ஙனம் திரும்பிய முதியவன் ஒருவனே டால்ஸ்டாய் முதலில் எண்ணிய தலைமகன். அவனை அறிய வேண்டின் அவன் பிழைபட்ட 1825-ஆம் ஆண்டை அறிய வேண்டும். அதற்கு அவன் இளமையை, நெப்போலியன் ருஷ்யாவின்மேற் படையெடுத்த 1812-ஆம் ஆண்டை, அறிய வேண்டும். வெற்றியை மட்டும் பாடுதல் நாணத்தக்கது; ஆதலின் ருஷ்யர் தோல்வியுற்ற 1805-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும். இவ்வாறு பின்னோக்கிச் சென்று பிறந்ததே 'போரும் அமைதியும்'. 1863 முதல் 1869 வரை அதில் உழைத்தார். 1867-இல் பரதினோப் போர்க்களத்தை நேரிற் சென்று பார்த்தார். மனைவியார் கைப்படிகளை மீண்டும் மீண்டும் பெயர்த்தெழுதினார். முதலில் எண்ணிய கதையோ மூன்று அதிகாரங்களோடு நின்றுவிட்டது. எனினும் அவர் தொடங்கிய வினாவைக் கைவிட்டாரல்லர். அவ்வினாவே அவரை வேறொரு வாயிலிற் கொண்டு நிறுத்திற்று.

அடுத்து நிகழ்ந்தது இதற்கு நேர் மாறானது. 1870-இல் மகா பீட்டர் சக்கரவர்த்தியின் காலத்தைப் பற்றி எழுத எண்ணினார். இதனினும் பெரிய பொருள் ஒரு ருஷ்யருக்கு எங்ஙனம் கிட்டும்? நூல்களைத் தொகுத்தார், அக்காலத்து உடை, கருவி, வழக்கம் அனைத்தையும் குறித்துக்கொண்டார். 1872, 1873-ஆம் ஆண்டுகளில் 25-க்கு மேற்பட்ட தொடக்கங்களை எழுதினார். ஒன்றேனும் நடக்கவில்லை. அம்மக்கள் நெடுந்தொலைவில் இருந்தனர். அவர்தம் உடை தெரிந்தது, உள்ளம் தெரியவில்லை. நன்கு ஆராய்ந்தறிந்த பொருளாயினும், அதனுள் உயிருடைய ஒருவரைக் காண இயலாமையால், டால்ஸ்டாய் அதனை விட்டொழித்தார். பொருளின் பெருமை கதைக்கு உயிர் கொடுப்பதன்று என்பதை நாம் இதனால் அறிகின்றோம்.

அப்பெரும்பொருளின் நிழலிலே சிறியதொன்று காத்திருந்தது. உயர்குலத்துப் பெண்ணொருத்தி கணவனைப் பிழைத்து அழிவதை, அவளைக் குற்றவாளியாகக் காட்டாமல் இரங்கத்தக்கவளாகக் காட்டி எழுத வேண்டும் என்று 1870-ஆம் ஆண்டிலேயே மனைவியாரிடம் கூறியிருந்தார். 1872 ஜனவரியில், அயற்பண்ணையில் வாழ்ந்த பெண்ணொருத்தி, தன்னைக் காதலித்தவர் கைவிட்டமையால், அருகிலிருந்த நிலையத்திலே இரயிலின்முன் வீழ்ந்து மாண்டாள். டால்ஸ்டாய் சென்று அவ்வுடலைக் கண்டார். 1873 மார்ச்சு மாதத்தில் புஷ்கின் எழுதி முடியாது விட்ட உரைநடைக் கதையொன்றைப் படிக்க நேர்ந்தது. விருந்தினர் வந்து கூடுவதை முன்னுரையின்றி நேரே தொடங்கும் அதன் முறை அவரைக் கவர்ந்தது. உடனே எழுத அமர்ந்தார். மூன்றாண்டு மனத்திற் கிடந்த எண்ணமும், கண்ணாற் கண்ட துயரமும், தொடங்கும் வழியும் ஒருங்கு கூடவே, 'அன்னா கரேனினா' பிறந்தது.

எனினும் பற்றியதை விடாதிருத்தல் எளிதாயிருக்கவில்லை. முதற்படியில் அன்னா நயமற்றவளாகவும், கணவன் நல்லவனாகவும் இருந்தனர். திருத்தந்தோறும் அவள் உயர்ந்தாள், ஆசிரியரின் இரக்கமும் வளர்ந்தது. முதலில் இல்லாத லெவின் பின்னர் வந்து கதையின் மறுபாதியைத் தாங்கினான். 1874-இல் அச்சேறத் தொடங்கியதை நிறுத்திவிட்டார். அவ்வாண்டுகளில் அவர் இல்லம் துயரில் மூழ்கியிருந்தது. 1873 நவம்பர் முதல் 1875 இறுதிவரை மூன்று குழந்தைகளும், அவரைப் பேணிய முதிய பெண்டிர் இருவரும் இறந்தனர். அக்கதை சலிப்பையும் வெறுப்பையும் தருகின்றது என்று நண்பர்க்கு எழுதினார். ஆயினும் 1875 முதல் ஒரு மாதப் பத்திரிகையில் அது பகுதி பகுதியாக வெளிவந்தது, படிப்போர் காத்திருந்தனர். செர்பியப் போருக்குச் சென்ற தொண்டர்களைப் பற்றிய கருத்து வேற்றுமையால் பத்திராதிபர் கடைசிப் பகுதியை ஏற்க மறுத்தபோது, 1877-இல் டால்ஸ்டாய் அதனைத் தாமே தனியே வெளியிட்டார்.

முதுமையிலும் இப்பண்பு அவரைவிட்டு நீங்கவில்லை. 1887-இல் கோனி என்னும் நீதிநிபுணர் ஒரு செய்தி கூறினார்: ஜூரியாக அமர்ந்த ஒருவர், குற்றக் கூண்டில் நின்றவள் தாம் முன்பு கெடுத்த பெண்ணென்று கண்டு, அவளை மணக்க முன்வந்தார், அவளோ சிறையிலே நோயுற்று இறந்தாள். டால்ஸ்டாய் முதலில் கோனியையே இதனை எழுதுமாறு வேண்டினார். பின்னர்த் தமக்குத் தருமாறு கேட்டுக்கொண்டார். 1889-இல் தொடங்கிப் பலமுறை நிறுத்தினார். 1895-இல் அதன் பிழை அவர்க்குப் புலப்பட்டது: கதை அப்பிரபுவிடமிருந்து தொடங்குதல் தவறு; துன்புற்ற பெண்ணாகிய கத்யூஷாவிடமிருந்தே தொடங்குதல் வேண்டும். 1898-இல், அரசின் கொடுமைக்கு ஆளான துகபோர் என்னும் சமயத்தார் கானடாவுக்குக் குடிபெயரப் பொருள் வேண்டியிருந்தது. அவர்கள்பொருட்டு எழுத்தூதியம் பெற இசைந்து மீண்டும் உழைத்து, 1899-இல் 'புத்துயிர்ப்பு' என்னும் அந்நாவலை வெளியிட்டார். அவ்வாண்டில் ஏறக்குறைய 7,000 பேர் கானடாவிற் கரையிறங்கினர். கைவிடப்படாத கதை அம்மக்களின் வழிச்செலவுக்கும் உதவிற்று.

1910-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இல்லத்தைவிட்டு இரவோடிரவாகப் புறப்பட்ட டால்ஸ்டாய், வழியில் நோயுற்று, நவம்பர் 20-ந் தேதி அஸ்தபோவோ இரயில் நிலையத் தலைவரின் வீட்டில் காலமானார். யாஸ்னயா போல்யானாக் காட்டிலே, கல்லும் எழுத்தும் இல்லாத புல்மேடொன்று அவர் சமாதியாக விளங்குகின்றது.

அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுவது இது. தொடங்கியதெல்லாம் முடிக்கத்தக்கதன்று, பீட்டர் கதையை விட்டது குறையன்று. ஆனால் ஒரு மனிதரின் துயரம் கண்ணெதிரே நின்று நம்மை விடாது வினவுமாயின், அதுவே நமக்குரிய பொருள். அதன்பின் தொடக்கம் மாறலாம், காலம் மாறலாம், தலைமக்களின் இயல்பும் மாறலாம். அம்மனிதரை மட்டும் நாம் விட்டு நீங்கலாகாது. சலிப்பு வந்தவிடத்து வேறு பொருளைத் தேடுமுன், நாம் தவறான வாயிலில் நின்று கதவைத் தட்டுகின்றோமோ என்று ஒருமுறை சிந்தித்தல் நன்று. கத்யூஷாவின் கதை ஆறாண்டு காத்திருந்தது, வாயிலை மாற்றுதற்பொருட்டே.