விரல்களால் இதயத்தைக் கேட்டவர்

குழந்தைகளே! உங்கள் வலது உள்ளங்கையை இடப்பக்க மார்பின் மீது வைத்துப் பாருங்கள். 'லப் டப்' என்று துடிப்பது தெரிகிறதா? இப்படிக் கையால் தொட்டுப் பார்த்துக் குழந்தைகளின் இதயத்தை அறிந்துகொண்ட டாக்டர் ஒருவர் இருந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. அவர் பெயர் ஹெலன் டாசிக்.

ஹெலன் 1898-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி, அமெரிக்காவில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை பிராங்க் டாசிக், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். ஹெலனுக்கு 11 வயதானபோது தாய் காசநோயால் இறந்துபோனார். எழுத்துக்கூட்டிப் படிப்பதும் ஹெலனுக்குப் பெரும்பாடாக இருந்தது. இந்தக் குறையை இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். தந்தை அருகில் அமர்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஹெலனும் விடாமல் படித்தார்.

டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அக்காலத்தில் ஹார்வர்டில் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் தர மாட்டார்கள். ஹெலன் சோர்ந்துவிடவில்லை. பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1927-இல் டாக்டரானார். 1930-இல் அங்கேயே குழந்தைகள் இதயப் பிரிவுக்குத் தலைவரானார்.

அந்தச் சமயத்தில் அவருடைய கேட்கும் திறன் குறைந்துகொண்டே வந்தது. ஸ்டெதாஸ்கோப்பில் வரும் மெல்லிய ஓசை காதில் விழவில்லை. அதனால் குழந்தையின் மார்பில் விரல்களை வைத்துத் துடிப்பை உணரப் பழகினார். மற்றவர்கள் பேசும்போது உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

அவரிடம் வந்த குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இதயத்தில் குறை இருந்தது. உதடும் நகமும் நீல நிறமாக இருக்கும். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். அப்படியே குந்தி உட்கார்ந்துவிடுவார்கள். நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாததால் ஆக்சிஜன் கிடைக்காமல் வந்த நீலம் அது. இவர்களை 'நீலக் குழந்தைகள்' என்று அழைத்தார்கள். பலர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள்.

ஹெலன் ஒன்றைக் கவனித்தார். தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு, உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயையும் நுரையீரல் குழாயையும் இணைக்கும் சின்னக் குழாய் ஒன்று உண்டு. பிறந்த சில நாட்களில் அது தானாக மூடிக்கொள்ளும். இந்தக் குழாய் மூடாமல் இருந்த நீலக் குழந்தைகள் சற்று நன்றாக இருந்தார்கள். மூடியதும் நிலைமை மோசமானது. அப்படியானால் அதைப் போன்ற ஒரு பாதையை நாமே அமைத்தால் என்ன என்று அவர் யோசித்தார்.

இந்த யோசனையை அறுவை சிகிச்சை நிபுணர் ஆல்பிரட் பிளாலக்கிடம் சொன்னார். பிளாலக்கின் ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸ் ஒரு கறுப்பினத்தவர். பணமில்லாததால் கல்லூரிப் படிப்பைப் படிக்க முடியாதவர். அவர்தான் நாய்களிடம் பலமுறை சோதித்து, அறுவை சிகிச்சைக்கான வழியை வகுத்தார். 1944 நவம்பர் 29-ஆம் தேதி 15 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு முதல் அறுவை சிகிச்சை நடந்தது. கைக்குச் செல்லும் ரத்தக் குழாயை நுரையீரல் குழாயோடு இணைத்தார்கள். தாமஸ் பின்னால் நின்று பிளாலக்குக்கு வழி சொன்னார். அந்தக் குழந்தை சில மாதங்களே உயிர் வாழ்ந்தது. ஆனால் அடுத்தடுத்து வந்த குழந்தைகள் பிழைத்தார்கள். நீல உதடுகள் சிவந்தன. உலகெங்குமிருந்து பெற்றோர் பால்டிமோருக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கதை இத்துடன் முடிந்தது என்று நினைக்கிறீர்களா? ஹெலன் அப்படி நினைக்கவில்லை. புதிய பாதை போட்டாலும், இதயத்துக்குள் இருந்த குறை அப்படியேதான் இருந்தது. 1963-இல் ஓய்வு பெற்ற பிறகும், அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகள் வளர்ந்து எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்துக் குறித்து வைத்தார்.

அவருடைய கவலை நியாயமானது. பின்னாளில் இதயத்தைத் திறந்து ஓட்டையை அடைக்கவும் டாக்டர்கள் கற்றுக்கொண்டார்கள். அப்படிச் சரிசெய்த இதயமும் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் களைத்துப் போகிறது. பழைய மோட்டார் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றத் திணறுவதைப் பார்த்திருப்பீர்களே, அது போலத்தான். இதயம் நின்றுவிடுவதில்லை, உடலுக்குத் தேவையான ரத்தத்தை அனுப்ப முடியாமல் தவிக்கிறது. இதை இதயச் செயலிழப்பு என்பார்கள். கால் வீங்கும், மூச்சு வாங்கும், சோர்வு வரும்.

இதற்கும் வழிகள் உண்டு. உடலில் தேங்கும் நீரை வெளியேற்ற மாத்திரை தருவார்கள். உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். கசியும் வால்வை மாற்றுவார்கள். துடிப்பு தாறுமாறானால் பேஸ்மேக்கர் கருவி பொருத்துவார்கள். எதற்கும் சரிப்படாவிட்டால் சிலருக்கு மாற்று இதயம் வைப்பார்கள். இவர்களுக்கு அது எளிதல்ல. பழைய அறுவை சிகிச்சையின் தழும்புகள் உள்ளே இருக்கும். சிலருக்கு ரத்தக் குழாய்களே இடம் மாறியிருக்கும். அதனால் பிறவி இதயக் குறையை அறிந்த டாக்டரும், மாற்று இதய நிபுணரும் முன்கூட்டியே சேர்ந்து திட்டமிட வேண்டும்.

ஹெலனுக்கு 1964-இல் அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. 1965-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1986 மே 20-ஆம் தேதி கார் விபத்தில் காலமானார். 88-ஆவது பிறந்த நாளுக்கு நான்கு நாட்களே இருந்தன.

குழந்தைகளே, சிறு வயதில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட நண்பரோ அக்காவோ உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம். இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அவர்கள் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. பெரியவரான பிறகும் டாக்டர் சொல்கிற நாளில் போய் வர வேண்டும். இதை அவர்களுக்கு நினைவுபடுத்துவீர்கள்தானே?