நாகர்கோவிலில் மறைந்து வாழ்ந்த நாயகி

2023 பிப்ரவரி 10 அன்று காலையில் கைப்பேசியில் கூகுளைத் திறந்தவர்கள் ஒரு பெண்ணின் ஓவியத்தைப் பார்த்திருப்பார்கள். அவர் பி.கே.ரோசி. மலையாளத்தின் முதல் திரைப்படத்தில் கதாநாயகியாக நடித்தவர். அன்று அவருக்கு 120-வது பிறந்த நாள். அந்தப் பெண் நம் நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் குடும்பம் நடத்தி வாழ்ந்து மறைந்தவர் என்பது நம்மில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

ரோசி 1903-ல் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் ஒரு புலையர் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் பவுலோஸ், குஞ்ஞி. ராஜம்மா என்பதே முதலில் இட்ட பெயர். குடும்பம் கிறிஸ்தவம் தழுவியபோது பெயர் மாறியது என்பார்கள் சிலர். சினிமாவுக்காக மாற்றப்பட்டது என்பார்கள் வேறு சிலர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். புல்லறுக்கும் கூலி வேலைக்குப் போனார். பொதுச் சாலையில் புலையர் நடக்கக் கூடாது என்றிருந்த திருவிதாங்கூரில் அவர் பிறந்தபோது, அய்யன்காளி வில்வண்டி ஓட்டிப் போய்ப் பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. சாலையைப் போராடிப் பெற்ற தலைமுறைக்கு அடுத்த தலைமுறைப் பெண் இவர்.

பகலில் அரிவாள் பிடித்த கை, இரவில் காக்காரிசி நாடகத்துக்கு அபிநயம் பிடித்தது. தென் திருவிதாங்கூரின் அடித்தட்டு மக்கள் வளர்த்த கலை அது. சிவனும் பார்வதியும் காக்காலனாகவும் காக்காத்தியாகவும், குறி சொல்லும் நாடோடிகளாக ஊருக்குள் வருவார்கள். ஊர்த் தம்புரான் கேள்வி கேட்பார். இவர்கள் பாட்டும் ஆட்டமும் கேலியுமாகப் பதில் சொல்வார்கள். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி வந்த அந்த மேடையில் ஒரு பெண் ஏறியது அன்றைக்குச் சிறிய காரியம் இல்லை. நடிப்புப் பள்ளி எதுவும் ரோசிக்கு வாய்க்கவில்லை. தீவட்டி வெளிச்சமும், எதிரே தரையில் உட்கார்ந்திருந்த தம் மக்களும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

சினிமாவுக்கு வந்தார்

அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி.டேனியலை நம் மாவட்டத்தாருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குடும்பச் சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் 1926-ல் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை அவரே எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, நாயகனாகவும் நடித்தார். புராணக் கதைகளே படமாகி வந்த காலத்தில், காணாமல் போன ஒரு பிள்ளையைப் பற்றிய சமூகக் கதையை எடுத்தார். நாயகியாக நடிக்கப் பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வரவழைத்தும் சரிப்பட்டு வரவில்லை. நல்ல குடும்பம் என்று சொல்லிக்கொண்டவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பவும் தயாராக இல்லை. கடைசியில் காக்காரிசி மேடையிலிருந்து ரோசி வந்தார்.

அவருக்குக் கொடுக்கப்பட்ட வேடம் சரோஜினி என்ற நாயர் பெண். காலையில் சோற்றுப் பொதியோடு வந்து, வேடம் கட்டி நடித்துவிட்டு, தனியே உட்கார்ந்து சாப்பிட்டு, மாலையில் வீடு திரும்புவாராம். நாளுக்கு ஐந்து ரூபாய் என்று பத்து நாள் கூலி. நாடக மேடையில் அவருக்குத் துணையாக நின்ற பாட்டும் வசனமும் மௌனப் படத்தில் உதவாது. முகமும் கையும் நடையும் மட்டும்தான் மூலதனம். வாழ்க்கையில் தம்மை வாசலுக்கு வெளியே நிறுத்தும் வீட்டுப் பெண்ணின் உட்காரலையும் எழுதலையும் பார்வையையும் அவர் தம் உடம்பில் கொண்டுவர வேண்டியிருந்தது. நாம் இதைத்தான் அவருடைய கலைத் திறமையின் முதல் சான்றாகச் சொல்வோம். அடிமைப்பட்டவர் ஆண்டையைக் கவனித்த அளவுக்கு ஆண்டை அடிமைப்பட்டவரைக் கவனித்ததில்லை.

கல் விழுந்த திரை

1930 அக்டோபர் 23 அன்று திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் படம் வெளியானது. வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை தொடங்கி வைத்தார். தம் படத்தைப் பார்க்க வந்த நாயகிக்கு அரங்கில் இடமில்லை. அவள் உள்ளே இருந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று பெரிய மனிதர்கள் அடம்பிடித்தார்கள். திரையில் சரோஜினி தோன்றியதும் கூச்சல் எழுந்தது. அவர் தலையில் சூடிய பூவை நாயகன் முத்தமிடும் காட்சியில் கல் பறந்தது. திரை கிழிந்தது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். காக்காரிசியில் ஒடுக்கப்பட்ட சாதிக் கலைஞர் பார்வதியாக வரலாம். தெய்வமாக வந்ததற்காக யாரும் கல்லெறியவில்லை. நாயர் பெண்ணாக வந்தபோதுதான் கல் விழுந்தது. தெய்வத்தின் இடத்தைக்கூட ஓரிரவுக்கு விட்டுக்கொடுப்பார்கள்; தங்கள் வீட்டுத் திண்ணையை விட்டுத்தர மாட்டார்கள். கோயில் நுழைவுப் பிரகடனம் வர அப்போது இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

கல்லோடு அது முடியவில்லை. ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். உயிர் தப்பி ஓடிய ரோசி, நாகர்கோவில் பக்கம் வந்த ஒரு லாரியில் ஏறினார் என்று அவரைப் பற்றி எழுதிய பலர் சொல்கிறார்கள். லாரியை ஓட்டி வந்தவர் கேசவ பிள்ளை. பிறகு அவரையே மணந்துகொண்டு, ராஜம்மாளாக நாகர்கோவிலில் குடியமர்ந்தார். அன்று நாகர்கோவிலும் திருவிதாங்கூர் அரசின் கீழ்தான் இருந்தது. அரசு மாறவில்லை. ஊரும் பேச்சும் மாறின. மறைந்து வாழ அதுவே போதுமானதாக இருந்தது.

முடியாத வேடம்

அதன் பிறகு அவர் திரையில் நடிக்கவில்லை. பிள்ளைகளைப் பெற்றார், வளர்த்தார், வயதானார், 1988-ல் இறந்தார். சினிமாவைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியதில்லை என்கிறார்கள். கேசவ பிள்ளை நாயர் என்பதை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. பத்து நாள் நாயர் பெண்ணாக நடித்ததற்காக விரட்டப்பட்டவர், மிச்சமிருந்த ஆயுள் முழுவதும் நாயர் வீட்டு மருமகளாக, பழைய பெயரும் பழைய சொந்தமும் வெளியே தெரியாமல் வாழ வேண்டியிருந்தது. இம்முறை கைதட்டவும் ஆளில்லை, கூலியும் இல்லை. வேடத்தைக் கலைக்க அனுமதியும் இல்லை.

டேனியலும் தப்பவில்லை. கடனில் மூழ்கி, ஸ்டுடியோவை இழந்து, பல் மருத்துவராகி ஊர் ஊராக வாழ்ந்தார். நலிந்த கலைஞருக்கான உதவி கேட்டபோது, தமிழ்நாட்டில் வசிப்பவர் என்று கேரள அரசு கைவிரித்தது. 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் இறந்தார். பின்னர் பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணனின் விடாமுயற்சியால் மலையாள சினிமாவின் தந்தை ஆனார். 1992 முதல் அவர் பெயரில் கேரள அரசு விருது வழங்குகிறது. ரோசி வெளிச்சத்துக்கு வர இன்னும் காலம் பிடித்தது. குன்னுக்குழி எஸ்.மணி போன்றவர்கள் 1970-களிலிருந்தே எழுதிவந்தார்கள். வினு ஆபிரகாமின் நாவலும், 2013-ல் வந்த கமலின் 'செல்லுலாய்டு' படமும்தான் அவரைப் பரவலாகக் கொண்டு சேர்த்தன. 2019-ல் கேரளத் திரைத்துறைப் பெண்கள் அமைப்பு தன் திரைப்படச் சங்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைவிழா நடத்துகிறது. 'விகதகுமாரன்' படச்சுருளோ இன்று எங்கும் இல்லை. அவர் எப்படி நடித்தார் என்று பார்க்கும் பேறு நமக்குக் கிடையாது.

அப்படியானால் நாம் எதை நினைவுகூர்கிறோம்? நம் தெருவிலிருந்து நகரத்துக்குப் போய் வாடகை வீடு கேட்கும் பிள்ளைகள் இன்றும் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்கிறார்கள். அலுவலகத்தில் சாப்பாட்டுப் பேச்சு வந்தால் எழுந்து போகிறார்கள். பெற்றோரின் தொழிலைக் கேட்டால் பொத்தாம்பொதுவாக ஒன்றைச் சொல்லிக் கடக்கிறார்கள். அவர்களைக் கோழை என்று நாம் சொல்லத் துணிய மாட்டோம். ராஜம்மாள் என்ற பெயருக்குள் ரோசி ஒளிந்துகொண்டது கோழைத்தனம் இல்லை. அவரை ஒளிய வைத்தவர்களின் குற்றம். அந்தக் குற்றம் இன்னும் முடியவில்லை என்பதால்தான் அவர் கதை பழைய கதையாகவில்லை.

குமரி மாவட்டத்துக்குத் தனிக் கடமை ஒன்று உண்டு. டேனியல் நம் ஊரில் பிறந்தவர். ரோசி நம் ஊரில் அடைக்கலம் புகுந்தவர். முதல் மலையாளப் படத்தின் நாயகனும் நாயகியும் இந்த மண்ணுக்கு உரியவர்கள். வரும் பிப்ரவரி 10 அன்று பள்ளிகளிலும் நூலகங்களிலும் இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். நகரில் ஒரு தெருவுக்கோ அரங்கத்துக்கோ ரோசியின் பெயரைக் கேட்போம். உயிரோடு இருந்தபோது சொல்ல முடியாமல் போன பெயரை ஊரறியச் சொல்வது நாம் பட்ட கடன்.