வைசூரிக் காலத்தில் கண்டியில் நின்றவர்

ஜனவரி 16 யோசேவ் வாஸ் அடிகளாரின் திருநாள். நம்மில் சைவப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கும் அந்தப் பெயர் பழக்கமானது. ஆனால் அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் கண்டியில் மழை பெய்வித்த கதையோடு நின்றுவிடும். மருத்துவம் படித்த பிறகு எனக்கு அவருடைய வாழ்க்கையில் வேறொரு வருடமே பெரிதாகப் படுகிறது.

அவர் 1651 ஏப்ரல் 21இல் கோவாவின் பெனோலிம் கிராமத்தில் கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். 1676இல் குருவானார். கன்னடக் கரையில் சில காலம் பணி செய்தபின் கோவாவின் ஒறற்றோரியன் சபையில் சேர்ந்தார். அப்போதே இலங்கை அவர் மனதில் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்திவிட்டனர். குருமாரை ஒளித்து வைப்பவர்களுக்கும் கடும் தண்டனை விதித்தனர். ஏறக்குறைய 30 வருடங்கள் இங்கே ஒரு தலைமுறை பூசை காணாமலே வளர்ந்தது.

1687இல் யோவான் என்ற உதவியாளரோடு, கூலிக்காரர் வேடத்தில் வந்து இறங்கினார். அப்போது வயது 36. யாழ்ப்பாணம் வந்ததும் கடும் வயிற்றுளைவில் விழுந்து, ஊரவர் சிலரின் இரக்கத்தால் பிழைத்தார். எழுந்து நடக்க முடிந்ததும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அதைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலை அவருக்கு இருப்பிடமாயிற்று. இரவில் பூசை, பகலில் மறைவு. 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் பூசை நடந்த வீட்டுக்குள் புகுந்தபோது அவர் தப்பிவிட்டார். பிடிபட்ட விசுவாசிகளோ சிறையில் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பின்னர் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குப் போனார். 1692இல் போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகித்து அவரைச் சிறை வைத்தார்கள். சும்மா இருக்கவில்லை, அங்கே சிங்களம் படித்தார். நாளடைவில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் நம்பிக்கையும் கிடைத்தது.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. ஜென்னரின் தடுப்பூசி வர இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. தடுப்பு இல்லாத இடத்தில் அந்த நோய் பிடித்த மூவரில் ஒருவரைக் கொண்டுபோகும். தப்பியவர்களிலும் சிலருக்குக் கண் போகும். அரச குடும்பமும் பிரதானிகளும் நகரை விட்டுப் போனார்கள். சாதாரண சனம் நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு ஓடியது. அவர்களைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். தொற்றுக்குப் பயந்து வாசற்கதவுக்கு அப்பாலேயே நின்ற மகன்மாரையும் மகள்மாரையும் 2020க்குப் பிறகு நாங்களும் பார்த்தோம்தானே.

அடிகளார் போகவில்லை. காட்டில் கிடந்தவர்களைத் தேடி எடுத்தார். குடிசை போட்டுக் கொடுத்தார், ஆட்கள் விட்டுப்போன வீடுகளை ஆஸ்பத்திரியாக்கினார். உணவு ஊட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தவர்களைத் தம் கையாலேயே புதைத்தார். தோழரான கர்வாலோ அடிகளும் கைகொடுத்தார். நோயாளி கத்தோலிக்கரா பௌத்தரா என்று பார்க்கவில்லை.

வைசூரிக்கு அப்போது மருந்தே கிடையாது. இதையெல்லாம் வெறும் ஆறுதல் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. வாட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், அது அப்படியல்ல. வாயும் தொண்டையும் புண்ணாகி, காய்ச்சலில் காய்ந்து கிடப்பவருக்கு யாராவது பக்கத்தில் இருந்து தண்ணீரும் நீராகாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். அது இல்லாமல் போனவர்களும் இருப்பார்கள். அடிகளார் செய்தது நல்ல தாதியம். அந்த நாளில் அதைவிடப் பெரிய வைத்தியம் எதுவும் கிடையாது.

பிறகும் 14 வருடங்கள் நடந்தே பணி செய்தார். கோவாவிலிருந்து வந்த மற்றக் குருமாரைப் பழக்கினார். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 1705இல் வந்து சேர்ந்தவர். 1711 ஜனவரி 16இல், 59 வயதில், கண்டியிலேயே அடிகளார் இறந்தார். புதைத்த இடம் இன்று அடையாளம் தெரியாமல் போய்விட்டது. எத்தனையோ பேருக்குக் குழி வெட்டிய கை அது.

இரண்டு வருடத்திலேயே கொச்சி ஆயர் புனிதர் பட்டத்துக்கான விசாரணையைத் தொடங்கினார். அது நின்றும் தொடங்கியும் இழுபட்டு, 1995 ஜனவரி 21இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவரை அருளாளராக்கும் வரை சென்றது. அதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அற்புதம் 1938இல் கோவாவில் நடந்த ஆபத்தான ஒரு பிள்ளைப்பேறு. அந்தப் பிள்ளை பிழைத்து வளர்ந்து குருவானார். இரண்டாவது அற்புதத்துக்குக் காத்திராமல் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 காலை காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் பலர் நேரம் பிந்தியும் முந்தியும் தொலைக்காட்சியில் பார்த்தது அதைத்தான். அன்று பிற்பகலே திருத்தந்தை மடுவுக்குப் போனார். ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து மக்கள் காட்டுக்குள் தூக்கிப்போன மாதாவின் சுரூபம் இருக்கும் இடம் அது.