மணப்பாட்டிலிருந்து ஜப்பான் வரை

இன்டர்வியூவில் தெரிந்த பதிலைக்கூட சொல்ல வார்த்தை வராம முழிச்சிருக்கீங்களா? நான் முழிச்சிருக்கேன். அப்போ இந்தக் கதை நமக்குத்தான்.

பிரான்சிஸ் சவேரியார் 1506-ல் நவார்ராவில் பிறந்தவர். பாரிஸில் படித்து, 1542-ல் கோவா வந்து, அதே வருஷம் நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்தார். இங்கே பரதவர்கள் சில வருஷம் முன்னாடியே, போர்த்துகீசியர் பாதுகாப்புக்காக, ஞானஸ்நானம் வாங்கியிருந்தாங்க. இவருக்குத் தமிழ் தெரியாது. தெரிஞ்சவங்களை வெச்சு ஜெபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணியோடு தெருத்தெருவா போனார். 1544-ல் வடுகர் படைக்குப் பயந்து ஜனங்க கன்னியாகுமரிப் பக்கம் ஓடினப்போ, மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு உதவிக்குக் கிளம்பினார். எதிர்க்காற்று விடலை. நடந்தே போனார்.

1549 ஆகஸ்ட் 15, ஜப்பானின் ககோஷிமா. மறுபடியும் தெரியாத மொழி. கிழிந்த உடையோடு கியோட்டோ போனார். பேரரசரைப் பார்க்கவே முடியலை. 1551-ல் யமகுச்சிக்கு நல்ல உடையில், கடிகாரம் மாதிரிப் பரிசுகளோடு போனார். அந்த ஊர்ப் பிரபு போதிக்க அனுமதி கொடுத்தார். நாக்கு தோற்ற இடத்தில் பொருள் பேசியது.

1552 டிசம்பர் 3, சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில், 46 வயதில் இறந்தார்.

அவருக்குப் பின் போனவங்க அந்தப் பாடத்தை விடலை. பூசைப் புத்தகம் வைக்கும் தாங்கி, வளைந்த மூடிப் பெட்டி எல்லாம் ஐரோப்பிய வடிவம். மேலே ஜப்பானியக் கைவேலை. உருஷி மரப்பாலின் கறுப்பு அரக்கு, தங்கத்தூள், சிப்பி ஓட்டுப் பதிப்பு. இதுக்கு நம்பான் அரக்கு வேலைன்னு பேர். தெற்கிலிருந்து வந்த அந்நியர்களைக் குறிக்கிற சொல் அது. நம்ம ஆளுங்களுக்கு ஒரு டெக்னிக்கல் விஷயம்: உருஷி சாதாரண பெயின்ட் மாதிரி காய்வதில்லை. ஈரக்காற்றில்தான், லாக்கேஸ் என்ற என்சைம் ஆக்சிஜனைப் பயன்படுத்த, இறுகிக் கெட்டியாகும்.

1614-ல் ஜப்பான் கிறிஸ்தவத்தைத் தடை செய்தது. 1639-ல் போர்த்துகீசியரை வெளியேற்றியது. பிறகு அரக்குப் பெட்டிகளை ஐரோப்பாவுக்கு ஏற்றியது டச்சுக் கம்பெனி. 1658-ல் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்ததும் அதே கம்பெனிதான்.

மணப்பாடு போனீங்கன்னா, அவர் தங்கினதா சொல்ற கடலோரக் குகையில் கொஞ்ச நேரம் உட்காருங்க. மொழி வராத ஒருத்தர், மணியோடு இங்கேதான் ஆரம்பிச்சார். நாமளும் கையில் இருக்கிறதை வெச்சு ஆரம்பிக்கலாம்.