கடல் கடந்து சென்று வந்த வைத்தியர் முத்துலட்சுமி

எமது பாடசாலை நூற்றாண்டு காணும் இம்மகிழ்ச்சியான வேளையில், பழைய மாணவி என்ற வகையிலும் வைத்தியர் என்ற வகையிலும் நான் நினைவுகூர விரும்புபவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர். எனினும் படிக்க ஆசைப்பட்ட ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் அவருடைய கதை சொந்தமானது.

1886 ஜூலை 30ஆம் திகதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் அதிபர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அத்திருமணத்துக்காகத் தந்தையை அவருடைய உறவினர் ஒதுக்கி வைத்தனர். பெண் பிள்ளை பெரியவளானால் பள்ளிக்கூடம் போவது நின்றுவிடும் காலம் அது. முத்துலட்சுமி வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் சித்தியடைந்தார். ஆண்கள் மட்டும் பயின்ற மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்புக் கிளம்பியபோதும் மன்னர் இடமளித்தார். 1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து, 1912இல் பட்டம் பெற்றார். சென்னை அரசாங்க மகப்பேற்று வைத்தியசாலையின் முதலாவது பெண் ஹவுஸ் சர்ஜன் அவரே.

1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மரணமானார். வைத்தியராக இருந்தும் கூடப்பிறந்தவளைக் காப்பாற்ற முடியாமற்போன துயரம் அவரை விட்டகலவில்லை. 1925இல் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று, கணவர் டாக்டர் சுந்தர ரெட்டியுடனும் பிள்ளைகளுடனும் இங்கிலாந்து சென்றார். பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றிப் படித்ததுடன், லண்டன் ரோயல் புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை முறைகளையும் கற்றுக்கொண்டார். மறு ஆண்டு பாரிஸில் நடைபெற்ற சர்வதேசப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் இந்தியப் பெண்களின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். 1933இல் சிகாகோவில் நடந்த பெண்கள் மாநாட்டுக்கும் சென்றார்.

பாரிஸிலிருந்து திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் உப தலைவராகவும் தெரிவானார். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்துக்கு எதிராகப் போராடினார். அதனை ஒழிக்கும் சட்டம் 1947இல் வந்தது. ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்காக அவ்வை இல்லத்தை நிறுவினார்.

லண்டனில் கண்டதையும் அவர் மறக்கவில்லை. 1935இல் தாம் படித்த மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென ஒரு வைத்தியசாலை வேண்டும் என்று பேசினார். அது நிறைவேற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. மாதர் சங்கத்தின் மூலம் பணம் சேர்த்து, 1952இல் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டுவித்தார். 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 கட்டில்களுடன் திறக்கப்பட்டபோது அவருக்கு 67 வயது. 1968 ஜூலை 22ஆம் திகதி காலமானார்.

நானும் வெளிநாட்டு மாநாடுகளுக்குப் போயிருக்கிறேன். கழுத்தில் பெயர் அட்டை, கையில் ஒரு பை, நிறையப் புகைப்படங்கள். ஊருக்கு எதைக் கொண்டுவந்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ள வைத்தது இவருடைய வாழ்க்கைதான். மார்பில் கட்டியுடன் வரும் நம் பெண்களிடம் எப்போதிருந்து என்று கேட்டால், பலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். வெட்கத்தில் ஒரு வருடத்தை விழுங்கியிருப்பார்கள். பிறகு மகரகமவுக்கு நெடும் பயணம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் குணப்படுத்தக்கூடிய நோய் அது.

கல்முனையிலும், கொழும்பிலும், கடல் கடந்த நாடுகளிலும் வாழும் சகோதரிகளே, இம்மலரை மூடி வைத்ததும் உங்கள் உம்மாவிடமும் ராத்தாமாரிடமும் தங்கச்சிமாரிடமும் இதைப்பற்றிப் பேசுங்கள். கட்டி ஏதும் தென்பட்டால் அந்த வாரமே வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். தங்கையை இழந்த ஒரு வைத்தியருக்கு நாம் செய்யும் நன்றி அதுவாக இருக்கட்டும்.