அளவறிந்த மருத்துவர் ஜான் ஸ்நோ

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

மயக்க மருந்து கண்டுபிடிக்கப்பட்ட கதையைப் பலரும் அறிவர். அதனை அளவோடு கொடுக்க வழி கண்டவரின் கதையை அறிந்தவர் சிலரே. அவர்தாம் டாக்டர் ஜான் ஸ்நோ.

1813 மார்ச் 15 ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒரு கூலித் தொழிலாளியின் ஒன்பது மக்களுள் மூத்தவராகப் பிறந்தார். நம் புதுவையில் பிரெஞ்சுக்காரர் 1823 இல் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அவர் பத்து வயதுச் சிறுவர். பதினான்காம் வயதில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1844 இல் இலண்டன் பல்கலைக் கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்றார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த எனக்கு இந்த வரலாறு மிக நெருக்கமானது.

1848 சனவரியில் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுப் பெண், கால் நகம் ஒன்றை அகற்றக் குளோரோபாரம் கொடுத்தவுடன் இறந்தாள். நாடே நடுங்கியது. ஸ்நோ காரணத்தைத் தேடினார். துணியில் ஊற்றி முகர வைத்தால் எவ்வளவு ஆவி உள்ளே செல்கிறது என்பது எவருக்கும் தெரியாது. வெப்பம் கூடினால் ஆவியும் கூடும். நாம் ஆய்வகத்தில் படிக்கும் ஆவியழுத்தப் பாடமே இது! நூறு பங்கு காற்றில் நான்கைந்து பங்குக்கு மேல் ஆவி கலவாதபடி ஒரு கருவியை அவர் அமைத்தார்.

குழந்தைகளுக்கு மூச்சும் இரத்த ஓட்டமும் விரைவு. ஆகவே மயக்கம் விரைவில் வரும், விரைவில் தெளியும் என்றும் கண்டறிந்தார். ஓராண்டு நிரம்பாத 186 குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்து, ஒன்றையும் இழக்கவில்லை. 1853 இல் விக்டோரியா அரசியாருக்குப் பேறுகாலத்தில் குளோரோபாரம் கொடுத்தவரும் இவரே. 1854 இல் காலரா குடிநீரால் பரவுவதைக் காட்டியவரும் இவரே. 1858 சூன் 16 இல், 45 ஆம் வயதில் மறைந்தார்.

இன்று மருந்தை நரம்பிலேயே ஏற்றுகிறார்கள். ஆவி மூச்சோடு வெளியேறும். நரம்பில் ஏற்றிய மருந்தைத் திரும்ப எடுக்க இயலாது. எனவே அளவு இன்னும் முக்கியம். மயக்கம் வரவழைக்க, எடைக்கு எடை பார்த்தால் பெரியவரைவிடக் கைக்குழந்தைக்கு அதிக மருந்து வேண்டும். பிறந்த சிசுவின் உடலிலோ அது மெல்லவே கழியும். 1992 இல் பிரிட்டனில், அறுவைக்காக அன்றித் தீவிர சிகிச்சையில் நாட்கணக்கில் புரோபோபால் ஏற்றப்பட்ட ஐந்து குழந்தைகள் இறந்த செய்தி வெளியாயிற்று. மிகுந்த அளவும் நீண்ட நேரமும் கேடு என்பது அதன்பின் தெளிவாயிற்று. குறுகிய அறுவைகளுக்கு அம்மருந்து இன்றும், தக்க கண்காணிப்புடன், பயன்படுகிறது.

இதை எழுத எனக்குக் காரணம் உண்டு. எட்டு மாதத்தில் குடலிறக்கம் கண்ட என் அக்காள் மகனுக்கு அறுவை செய்ய நாள் குறித்தார்கள். மயக்க ஊசி போட்டால் பிள்ளை எழமாட்டான் என்று தெருவில் சொல்லக் கேட்டு, அக்காள் இரு முறை நாளைத் தள்ளினாள். மூன்றாம் முறை மயக்க மருத்துவரே அவளை உட்கார வைத்து, எடை பார்ப்பது ஏன், பட்டினி இருப்பது ஏன், மூச்சையும் இதயத்துடிப்பையும் கடைசிவரை கண்காணிப்பது எப்படி என்று விளக்கினார். அச்சம் தணிந்தது, அறுவையும் நலமாக முடிந்தது.

ஆபத்து அறவே இல்லை என்று எவரும் சொல்வதற்கில்லை. அளந்து, கவனித்து, ஒவ்வொன்றையும் குறித்து வைத்தால் அது குறையும் என்பதே ஸ்நோவின் வாழ்வு காட்டும் பாடம். மாணவ நண்பர்களே, நம் தெருவில் அஞ்சி நிற்கும் தாய்மாருக்கு இதை எடுத்துச் சொல்வதும் நம் படிப்பின் பயனே!