தமையன் நிழலில் மறையாத தங்கை

மோட்டார்ப் பந்தயம் என்றவுடன் ஸ்டர்லிங் மாஸ் என்னும் ஆங்கில வீரரின் பெயர் அன்பர்கள் பலருக்கும் நினைவு வரும். அவர்தம் தங்கையார் பாட் மாஸ் அம்மையாரின் வரலாறு அத்துணை பரவவில்லை, ஆயினும் அறியத்தக்கது.

அம்மையார் 1934-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஆல்பிரட் மாஸ் பல் மருத்துவர். 1924-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் கலந்துகொண்டவர். தாயார் அய்லீனும் போட்டிகளில் கார் ஓட்டியவரே. எனினும் பாட் முதலில் புகழெய்தியது குதிரை மீதமர்ந்து தடை தாண்டும் போட்டிகளில். கார் ஓட்டக் கற்பித்தவர் தமையனார். அப்போது தங்கைக்கு வயது 11.

அம்மையார் தேர்ந்த துறை ராலி. இது வட்டப் பாதையில் சுற்றும் பந்தயமன்று. சாலையிலும் மலைப்பாதையிலும் இரவு பகலாகச் சென்று, குறித்த சாவடியைக் குறித்த நிமிடத்தில் அடைதல் வேண்டும், தாமதத்திற்குத் தண்டனையுண்டு. கால அட்டவணையோடு வாழும் எம்போன்ற இரயில்வே ஊழியர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். அருகமர்ந்து வழிகாட்டியவர் ஆன் விஸ்டம்; அவரும் பந்தயக் குடும்பத்துப் பெண்ணே.

அக்காலத்தில் பெண்களுக்கெனத் தனிக் கோப்பை ஒன்று வழங்குவர். ஐரோப்பியப் பெண்கள் ராலிப் பட்டத்தை 1958, 1960, 1962, 1964, 1965 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அம்மையார் வென்றார். ஆனால் அவர் உள்ளம் அத்துடன் அமையவில்லை. ஆடவரும் பெண்டிரும் கலந்த முழுப் போட்டியில் முதலிடமே அவர் குறி.

அக்குறி 1960-இல் கைகூடியது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரை மையமாகக் கொண்ட லியேஜ்-ரோம்-லியேஜ் ராலி, ஏறக்குறைய நான்கு நாட்கள் ஓய்வின்றி நடந்தது. யுகோஸ்லாவியாவின் கரடுமுரடான வழிகளையும் ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களையும் கடந்தது. அதில் பாட், ஆன் இருவரும் ஆஸ்டின்-ஹீலி 3000 காரில் எல்லோரையும் வென்று முதலாவதாக வந்தனர். 1962-இல் ஹாலந்தின் டூலிப் ராலியிலும் சின்னஞ்சிறு மினி கூப்பர் காரில் முதலிடம் பெற்றனர்.

1963-இல் ஸ்வீடன் நாட்டு ராலி வீரர் எரிக் கார்ல்சனை மணந்த பின்னரும் பாட் பந்தயத்தை விடவில்லை. 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

குடும்பம் அவருக்கு ஈந்தது பழக்கமும் துணிவும். முதலிடத்தையோ அவரே ஈட்டினார். நம் இல்லத்துப் பெண் மக்களுக்கும் பெற்றோர் முதலில் தரவேண்டியது அப்பழக்கமே. பெண்களுக்கெனத் தனியே ஒதுக்கிய பரிசோடு அவர்கள் மனம் நிறைவடையத் தேவையில்லை.